மெல்லிய ரவை

"உந்தப் பழைய தடியைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர மானத்தை..."

"உன்ர மானத்துக்கும் என்ர துவக்குக்கும் என்ன சம்பந்தம்? ரோட்டைப் பார்."

"...வாங்காதேங்கோ எண்டுதான் சொல்ல வாறன், அக்கா. ஒருக்காச் சுட்டிட்டு, பேந்து பிடியை மேல தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, கீழ மடக்கி... அதுக்குள்ள முயல் குரோய்டன் போய்ச் சேர்ந்திடும்."

"முதல் ரவை பட்டால் அது ஏன் குரோய்டன் போகுது?"

"படாட்டி?"

"படாதெண்டால் சுடாதை."

ஞானேஸ்வரன் வானின் கியரை ஓங்கி மாற்றினான். பின்னால் இரண்டு துவக்குகளும் தத்தம் உறைகளில் பூட்டிக் கிடந்தன. ஒன்று அவனுடைய செமி-ஓட்டோ: கறுப்பு, புதுசு, விசையை இழுக்க இழுக்க அடுத்த ரவை தானாக ஏறும், பத்து ரவை பிடிக்கும். மற்றது அக்கா சந்திரவதனாவுடைய போல்ட் துவக்கு: பதினான்கு வருடப் பழக்கம், மரப் பிடி, ஐந்தே ரவை. ஒவ்வொன்றையும் கையால்தான் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் போடுவது அதே சின்ன ரவைதான், சுண்டுவிரல் நகத்தைவிட ஒல்லி.

"நீ கதைக்கிறதைப் பாத்தால் இந்தத் தோட்டத்தை நீதான் கண்டுபிடிச்சாய் போல," என்றாள்.

லண்டன் நோர்பரிக் கடையில் பசளிக் கீரைக் கட்டொன்றைப் பிரித்துப் பார்த்து, தண்டுகள் கத்தியால் சரித்து வெட்டினாற்போல் இருப்பதைக் கண்டு, "உது முயல் கடிச்சது. உங்களுக்கு ஆர் பசளி தாறது?" என்று கேட்டு நம்பர் வாங்கியவள் அவள். அதைத் தம்பியிடம் வாய் தவறிச் சொன்னவளும் அவள்தான். மறுநாளே அவன் அதே நம்பருக்கு அடித்து, "நானும் சுடுவன்" என்றிருந்தான். தோட்டக்காரரோ ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார்.

"உனக்குத்தான் எசெக்ஸிலை ஒரு பண்ணை கிடக்கே, தம்பி."

"ஸ்ட்ரெதமிலை இருந்து அங்க போக ஒண்டரை மணித்தியாலம். இது அரை மணித்தியாலம்."

"எனக்கு இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு."

அவளுடைய துவக்கு லைசென்ஸ் ஆறு வாரத்தில் முடிவது அவனுக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கொருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க, 'என் காணியில் இவர் சுடலாம்' என்று காணிக்காரர் ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். சந்திரவதனா இவ்வளவு காலமும் சுட்டுவந்த கென்ற் பண்ணையை மாரியில் விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது வீடு கட்டக் கிரேன் நிற்கிறது. வேறு ஏழு பேரைக் கேட்டுப் பார்த்தாள். ஏழு பேரும் மரியாதையாகக் கைவிரித்தார்கள். கடிதம் இல்லையென்றால் ஓகஸ்டில் துவக்கைக் கொண்டுபோய்ப் பொலிசில் ஒப்படைக்க வேண்டியதுதான். இருபது வருடம் பள்ளிக்கூடக் குசினியில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவளுக்கு, தனக்கென்று வாய்த்த ஒரே கெட்டித்தனம் அது.

"சரி, பந்தயம்," என்றான் ஞானேஸ்வரன். "தோத்த ஆள் முயல் உரிக்கிறது."

"உரிச்சு, கழுவி, கறியும் வைக்கிறது."

"ஓம்."

"யோசிச்சுச் சொல்லு. இவ்வளவு நாளும் நீ சுட்டதையெல்லாம் உரிச்சது நான். நீ ரத்தத்தைக் கண்டால் அங்கால திரும்பிற ஆள்."

"தோத்தால்தானே அக்கா."

தோட்டம் ஓர்ப்பிங்டனுக்கு அப்பால், லண்டன் முடிகிற விளிம்பில், ஒரு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. ஒரு பக்கம் மரக்கொட்டில், மறுபக்கம், மேட்டையும் வளைத்துக்கொண்டு, கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ வெள்ளைக்காரப் பெண்ணின் குதிரை லாயம். கொட்டில் வாசலில் சின்னக் காஸ் அடுப்பை மூட்டி, சட்டியை வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து தட்டில் பரப்பிக்கொண்டு, ஒரு மெலிந்த மனிதர் நின்றார். பத்ரிநாராயணன். கும்பகோணத்துக்காரர். கம்ப்யூட்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இந்த மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"வாங்கோ மேடம், வாங்கோ சார். ரவை கொண்டு வந்தேளா? எண்ணெய் காய்ஞ்சுண்டிருக்கு."

"ஓம், கொண்டுவந்தனான். சொன்ன மாதிரி மெல்லிய ரவைதான்," என்று சந்திரவதனா சின்னப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஐம்பது ஈயமுனைகள் வரிசையாக நின்று மினுங்கின.

பத்ரிநாராயணன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"என்ன இது?"

"ரவை."

"இதுவா ரவை?"

"ஓம். துவக்குக்குப் போடுற ரவை. மெல்லிய ரவை எண்டால் சத்தம் குறைஞ்சது."

"ராமா! நீங்க போன்ல, 'ரவை நான் கொண்டு வாறன், நீங்கள் ஒண்டும் வாங்க வேண்டாம்'னேள். மெல்லிய ரவைன்னா உப்புமா குழைஞ்சுடுமேன்னு ரெண்டு நாளா யோசிச்சுண்டிருக்கேன் நான்!"

ஞானேஸ்வரன் வானில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

"நீங்க சிரிக்காதீங்கோ சார். மேடம் இன்னொண்ணும் சொன்னா. 'துவக்கு என்னட்டை இருக்கு'ன்னு. எங்க ஊர்ல துவக்குன்னா ஆரம்பிங்கறது. சரி, இலங்கைக்காரா ஏதோ நல்ல நேரம் பாத்துதான் ஆரம்பிப்பா போலன்னு விட்டுட்டேன்."

"முதல்ல அடுப்பை நிப்பாட்டுங்கோ ஐயா," என்றாள் சந்திரவதனா, பெட்டியை மூடிக்கொண்டு. "மறந்துபோய் இதைச் சட்டியிலை போட்டியள் எண்டால் எல்லாருக்கும் சங்கடம்."

சிரித்து முடிந்ததும் பத்ரிநாராயணன் தன் கஷ்டத்தைச் சொன்னார். மூன்று தடவை விதைத்தாயிற்று. வலை கட்டினார், மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்தார், ராத்திரி பகலாக ரேடியோ வைத்தார். முயல்கள் செய்தி கேட்டுக்கொண்டே தின்றன. அவர் வாழ்நாளில் முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. கொலைக்கு ஆள் தேட வேண்டி வந்ததே என்று வெட்கப்பட்டார்.

"நான் கொட்டில் பக்கம் திரும்பி நின்னுக்கறேன். என்னைப் பாக்கச் சொல்லாதீங்கோ. ஆனா ஒண்ணு." வேலிப் பக்கம் கை காட்டினார். கபில நிறப் பெட்டைக் குதிரை ஒன்று தனியே மேய்ந்துகொண்டிருந்தது. "அது பேர் பிஸ்கட். ரொம்பப் பயந்த சுபாவம். போன நவம்பர் வாணவேடிக்கைக்கு வேலியைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போயிடுத்து. லாயத்துக்காரம்மா என்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டா. ஒரே ஒரு ஆள்தான் சுடலாம், பிஸ்கட் மிரளக் கூடாது. அதனால..." சட்டைப் பையைத் தட்டினார். "கடிதம் டைப் பண்ணி ரெடியா இருக்கு. பேர் மட்டும் எழுதலை. முயலும் குறையணும், பிஸ்கட்டும் நிம்மதியா மேயணும். யாரால முடியறதோ அவாளுக்குத்தான்."

"நான் முந்திச் சுடுறன்," என்றான் ஞானேஸ்வரன். "அக்காவுக்கு வேலை மிச்சம்."

ஜூன் மாத மாலை ஏழு மணி. வெயில் இன்னும் மஞ்சளாய் மேட்டில் கிடந்தது. முயல்கள் பற்றையடியிலிருந்து ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. ஞானேஸ்வரன் வெந்தயக்கீரைப் பாத்தி ஓரம் குப்புறப் படுத்தான். பத்ரிநாராயணன் கொட்டில் பலகையைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடினார்.

டப்! டப்! டப்!

மூன்று வெடியும் சாட்டை வீசினாற்போல் மேட்டில் மோதித் திரும்பின. ஒரு முயல் விழுந்தது. மற்றவை மாயமாய் மறைந்தன. பிஸ்கட் முன்னங்கால்களைத் தூக்கி, ஒரு கனைப்புக் கனைத்து, காணியின் மறு கோடிக்கே ஓடியது.

பத்ரிநாராயணனின் போன் அடித்தது. "யெஸ்... யெஸ்... வெரி சாரி... நோ, நோ, நாட் ஃபயர்வர்க்ஸ்..."

"என்னத்தைப் போட்டனீ?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"வேக ரவை."

"அதுதானே பாத்தன். அது காத்தைக் கிழிச்சுக்கொண்டு போறது. ஊரெல்லாம் கேட்கும்."

"என்னட்டையும் மெல்லிய ரவை கிடக்கு. பொறுங்கோ, அதைப் போட்டுக் காட்டுறன்."

இருபது நிமிடம் கழித்து ஒரு துணிச்சல்கார முயல் எட்டிப் பார்த்தது. அவன் சுட்டான். இம்முறை வெடிச் சத்தம் இல்லை. ஆனால் துவக்கு தானாகப் பின்னால் அடித்துத் திரும்பிய 'சடக்' என்ற இரும்புச் சத்தத்துக்கே தூரத்தில் பிஸ்கட் தலையை நிமிர்த்தியது. ரவை மண்ணில் குத்தியது. அடுத்ததற்கு விசையை இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை. சுட்ட ரவையின் வெற்றுக் கோது துவக்கின் பக்கவாசலில் பாதி வெளியே, பாதி உள்ளே நின்றது. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுச் சுட்டான். மறுபடியும் அதே சிக்கல்.

"விசர்த் துவக்கு!"

"அதிலை பிழை இல்லை, தம்பி. தானா ஏத்துறதுக்கு அதுக்கு ஒரு உதை வேணும். மெல்லிய ரவையிலை அந்த உதை காணாது. வேக ரவை எண்டால் ஓடும், குதிரையும் ஓடும்."

"அப்ப உங்கடை மட்டும்?"

"என்ரதை ஏத்துறது என்ர கை. அதுக்கு ஒருத்தரும் உதைக்கத் தேவையில்லை."

இதற்குள் பத்ரிநாராயணன் வெந்தயக்கீரைக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். "சார், பித்தளைக் கோது அஞ்சு இருக்கணும், மூணுதான் கிடைச்சுது. கஸ்டமர் சாம்பார்ல கிடந்தா என்ன பண்றது?"

சந்திரவதனா கைப்பையைத் திறந்தாள். அதற்குள் ஒரு கம்பளிக் காலுறை; காலுறைக்குள் துவக்கின் போல்ட், ரவையை ஏற்றும் உருக்குத் தண்டு. பதினான்கு வருடம் உள்ளங்கை பட்டுப்பட்டு அதன் குமிழ் கண்ணாடியாய் வழுவழுத்திருந்தது. அதைப் பொருத்தி, ஐந்து ரவையை நிரப்பி, வேலியோரப் புல்லில் படுத்தாள். இடுப்பு வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அரை மணித்தியாலம் போயிற்று. பிஸ்கட் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பெரிய கடுவன் முயலொன்று மேட்டின் நடுவில் எழுந்து உட்கார்ந்தது.

"சுடுங்கோ!" பின்னாலிருந்து தம்பி கிசுகிசுத்தான். "அக்கா, சுடுங்கோ!"

அவள் விரல் விசையில் இல்லை.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"அதுக்கு நேர் பின்னால பிஸ்கட் நிக்குது."

"போகப்போகுது அக்கா!"

"போகட்டும்."

முயல் போயே போய்விட்டது. ஆறு கிழமை, ஏழு காணிக்காரர், ஓகஸ்டில் பொலிஸ் மேசையில் துவக்கை வைக்கிற காட்சி, எல்லாம் ஒரு கணம் அவள் நெஞ்சில் இடித்தன. மூச்சை விட்டு, திரும்ப இழுத்து, பாதியில் நிறுத்தினாள். கீழே, பசளிப் பாத்தி ஓரம், மண்மேட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு முயல் வந்து நின்றது.

துப்.

யாரோ தூரத்தில் பிலாக்கொட்டையைத் துப்பினாற்போல் ஒரு சத்தம். முயல் அப்படியே சரிந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு முயல் காதைக்கூட ஆட்டவில்லை. அவள் பிடியை மெல்லத் தூக்கி, மெல்ல இழுத்து, வெளியே வந்த கோதை விரலால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, அடுத்ததைத் தள்ளி மடக்கினாள். அவசரமே இல்லை. அவசரப்படுத்த அந்தத் துவக்குக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் 'இதுவா, இப்பவா, பின்னால என்ன?' என்று கேட்க அது அவளுக்கு நேரம் தந்தது.

துப்.

பிஸ்கட் மேய்ந்துகொண்டே வேலி வரைக்கும் வந்தது. அவள் தலையிலிருந்து இரண்டு முழம்கூட இராது. அது புல்லைப் பிய்த்து மெல்லுகிற சத்தம் அவளுடைய துவக்கைவிடப் பெரிதாய்க் கேட்டது.

துப்.

ஞானேஸ்வரன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

நாலாவது முயல் பாத்தி முனையில் விழுந்தது. ஐந்தாவது, முதலில் போன அதே பெரிய கடுவன். இம்முறை அதுவே கீழே இறங்கி வந்தது. துப்.

போல்டைத் திறந்து, உள்ளே வெறுமை என்று விரல் விட்டுப் பார்த்து, மண்டியிட்டு எழும்பினாள். வேலிக்கு மேலால் பிஸ்கட் மூக்கை நீட்டி அவளுடைய தோளை மோந்து பார்த்தது.

கொட்டில் பலகைக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பத்ரிநாராயணன் குரல் கொடுத்தார்.

"மேடம்... இருட்டப் போறது. இன்னும் துவக்கலையா?"

"முடிஞ்சுது ஐயா."

"என்னது?"

"அஞ்சு ரவை, அஞ்சு முயல். உங்கட குதிரை இஞ்ச என்ர தோளை மணந்துகொண்டு நிக்குது."

அவர் திரும்பினார். குதிரையை மட்டும் பார்த்தார். அது போதுமாயிருந்தது. சந்திரவதனா பையிலிருந்து ஐந்து கோதுகளையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எண்ணிப் பாருங்கோ. சாம்பாருக்கு ஒண்டும் மிஞ்சாது."

பத்ரிநாராயணன் கடிதத்தை வானின் முகப்பில் விரித்து, பேனாவைத் திறந்தார். "இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் சொல்லுங்கோ மேடம்."

அவள் சொன்னாள். தன் முழுப்பெயரையும், ஒரு எழுத்தும் விடாமல், லாயம் வரைக்கும் கேட்கும்படி. நடுவில் அவர் ஒரு எழுத்தைத் தவறவிட, முதலிலிருந்து இன்னொரு தடவை, இன்னும் சத்தமாய்ச் சொன்னாள். அவர் கையெழுத்திட்டு, ஊதி உலர்த்தி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஆறு முயல்களும் புல்லில் வரிசையாய்க் கிடந்தன. ஞானேஸ்வரன் அவற்றைப் பார்க்காமல் அவளுடைய துவக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒருக்காத் தாங்கோ பாப்பம்."

கொடுத்தாள். அவன் வெறுந்துவக்கின் பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கினான். சத்தமே இல்லை. திரும்பவும் செய்தான். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு செய்தான்.

"வெண்ணெய்க்குள்ள போற மாதிரிப் போகுது," என்றான் மெதுவாக. "உது எங்க வாங்கினனீங்கள்? இப்பவும் செய்யிறாங்களோ?"

சந்திரவதனா கடிதத்தை நாலாய் மடித்து, கைப்பைக்குள், காலுறைக்கு அடியில் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

"அதைப் பேந்து கதைப்பம், தம்பி. கத்தி கொண்டு வந்தனியே?"