கிளெம் சக்டனின் ஓட்டு

குச்சி நுனியில் இருந்த பஞ்சைப் பீரில் நனைத்து, கோப்பையின் விளிம்பில் ஒருமுறை அழுத்திப் பிழிந்துவிட்டு, அண்ணனின் உதடுகளுக்கு நடுவே வைத்தாள் ஏவ்ரில். கிளெம் கண்ணைத் திறக்காமலேயே கொஞ்ச நேரம் அதைச் சப்பினார்.

"புளிக்குது," என்றார்.

"அது மருந்து குடிச்ச வாய். அப்படித்தான் இருக்கும்."

"வாய் சரியாத்தான் இருக்கு."

அதற்கு மேல் பேச மூச்சில்லை. ஆக்சிஜன் குழாய் மூக்கருகே சீறிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக முன்னறையில்தான் கட்டில். மாடிப்படி ஏற முடியாமல் போன அன்று சோபாவைச் சுவரோரம் தள்ளி இடம் செய்தார்கள். காலை எட்டு மணிக்கு வந்த நர்ஸ், திரும்பிப் போகும்போது வாசலில் நின்று கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்: "இன்னைக்கோ நாளைக்கோதான், கண்ணு. யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

சொல்வதற்கு யாருமில்லை. கிளெம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லர்பெக் பள்ளத்தாக்கில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினார். மிச்ச நேரத்தையெல்லாம் பீருக்குக் கொடுத்தார். குடிகாரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்று கிளாஸுக்கு மேல் நான்காவதைத் தொட்டதில்லை. பப்பின் நிலவறையில் பீப்பாயிலேயே பழுத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றும் பீர் மட்டும்தான் அவருக்குப் பீர். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நல்ல பீர் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் கொட்டும் மழையிலும் பஸ் ஏறிப் போகிறவர்கள். வருஷா வருஷம் பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை கூடி, பள்ளத்தாக்கின் சிறந்த பப் எது என்று ஓட்டுப் போடுவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் கிளெம் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

இன்று அந்தச் சனிக்கிழமை.

"மணி என்ன?"

"பத்து தாண்டியாச்சு."

"சீட்டை எடு."

மேஜை இழுப்பறையில் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று பப்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். உடம்பு முடியாதவர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டு ஆட்களிடம் கொடுத்து அனுப்பலாம். ஏவ்ரில் பென்சிலை எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பேக்ஹார்ஸ்தானே?" கேட்கும்போதே பென்சில் முனை அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது. பேக்ஹார்ஸ் அவர்கள் தெருவின் கோடியில் இருந்தது. நாற்பது வருஷமாகக் கிளெம் உட்காரும் இடம் அது. அதை நடத்துகிற பாரி லம்ப், கிளெம் படுத்ததிலிருந்து தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஜக்கில் பீர் ஊற்றி, மேலே சாசரைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வருகிறார்.

"ஷட்டில்," என்றார் கிளெம்.

"எது?"

"ஷட்டில். அந்த மலை மேல. நடீன் நடத்துதே."

ஏவ்ரில் பென்சிலைத் தூக்கிக்கொண்டாள். "நீ எப்போ அங்க போன?"

"அக்டோபர்ல. ரெண்டு பஸ் மாறி." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "மூணு தடவை."

"பாரி தினமும் உனக்கு ஜக்குல எடுத்துட்டு வர்றான். மழையில நனைஞ்சுட்டு வர்றான். அவன் கடையைச் சொந்தக்காரக் கம்பெனி விக்கப் போகுதுன்னு உனக்குத் தெரியாதா? இதுல ஜெயிச்சா ஒரு வருஷமாவது தள்ளிப் போடுவாங்கன்னு ஊரே பேசுது."

"தெரியும்."

"அப்புறம்?"

"அவன் பீர் கெட்டுப் போச்சு. டோரீன் போனதுல இருந்து."

பாரியின் மனைவி டோரீன் ஜூலையில் இறந்திருந்தாள். நிலவறை அவளுடைய ராஜ்யம். பீர் வரும் குழாய்களைக் கழுவுவது, பீப்பாயைச் சாய்ப்பது எல்லாம் அவள்தான்.

"அவன் கீழயே இறங்கறதில்ல," என்றார் கிளெம். "பீப்பாய் மாத்த மட்டும் போறான், ஓடி வந்துடறான். குழாய் கழுவி எத்தன மாசம் ஆச்சோ."

"அதை அவன்கிட்ட சொல்றதுதானே? எல்லாத்தையும் முகத்துக்கு நேரா சொல்றவன்தானே நீ?"

கிளெம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தாள்.

"போனேன். சொல்லணும்னுதான் போனேன். அவன் பாரைத் துடைச்சுட்டு இருந்தான். ரெண்டு துணி. ஒண்ணை டோரீன் நிக்கிற எடத்துல மடிச்சு வச்சிருந்தான்." பிறகு, "கட்டத்துல போடு, ஏவ்ரில்," என்றார்.

போட்டாள். கையெழுத்துக்குப் பேனாவை அவர் விரல்களுக்குள் வைத்துத் தானும் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் அவள் கையை உதறினார். தானாகவே போட்டார். கடைசி எழுத்து சீட்டின் விளிம்பைத் தாண்டிப் போர்வையில் போய் நின்றது.

பதினோரு மணிக்குக் கால் சில்லிடுகிறது என்றார். அவள் சமையலறைக்குப் போய், ஹீட்டர் மேல் கம்பளிச் சாக்ஸைப் போட்டுச் சூடேற்றி எடுத்து வந்தாள். ஒரு காலில் மாட்டினாள். இன்னொரு காலைத் தூக்கியபோது கனம் வேறு மாதிரி இருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தச் சாக்ஸையும் மாட்டி, குதிகால் சரியாக உட்காரும்படி இழுத்துவிட்டாள். ஆக்சிஜனை நிறுத்தினாள். மணி பதினொன்று இருபது.

நர்ஸுக்குப் போன் செய்தாள். வேறு இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது, நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். சவப்பெட்டிக்காரர்கள் அதற்குப் பிறகுதான் வருவார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பின்கதவில் பாரி பூட்ஸைத் துடைக்கும் சத்தம் கேட்டது. "இன்னைக்கு எப்படி இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் நகர்ந்து வழிவிட்டாள். பாரி கதவருகே ஜக்குடன் நின்றார். பெரிய உடம்பு, தோள்கள் மெதுவாக இறங்கின.

"எப்போ?"

"இப்பத்தான். சாக்ஸ் போட்டுவிட்டுட்டு இருந்தேன்."

அவர் ஜக்கை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "ஓட்டு எழுதிட்டானா?" என்றார்.

"எழுதிட்டான்."

"அப்ப கொண்டு போய்க் குடு. ரெண்டு மணிக்குள்ள குடுக்கணும்."

"இவனை விட்டுட்டா?"

"நான் இருக்கேன். கடையை வேலைக்கு வர்ற பொண்ணு பாத்துக்கும். முப்பத்தொரு வருஷம், ஏவ்ரில். இந்தத் தடவை போகலேன்னா என்னைத்தான் திட்டுவான்."

"நீயே கொண்டு போயேன்."

"பப் நடத்தறவன் ஓட்டுப் போடற ரூம் பக்கமே போகக் கூடாது. கிளெம் எழுதின சட்டம் அது." பாரி லேசாகச் சிரித்தார். "யாருக்குப் போட்டான்னு கேக்க மாட்டேன். அதுவும் அவன் எழுதின சட்டம்தான்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது பாரி கிளெமின் பைஜாமாக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பனியும் மழையும் கலந்து விழுந்தது. ஓட்டெடுப்பு நடக்கும் நூலகம் வரைக்கும் நடந்து போகலாம். இருந்தும் பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் ஒதுங்கினாள். கைப்பையிலிருந்து, சீட்டை வைத்திருந்த உறையை எடுத்தாள். இன்னும் ஒட்டியிருக்கவில்லை. சீட்டு வெளியே வந்தது. கையெழுத்து பேனாவில் இருந்தது. கட்டத்திலிருந்த குறி பென்சிலில். பையில் அந்தப் பென்சிலும் இருந்தது. பின்பக்கம் ரப்பர் வைத்த பென்சில்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. பாரி அங்கே செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இருபத்தாறு வயதில், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கிளெமிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ரோனி நல்லவனா? கிளெம் அன்று பஸ் டெப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இல்ல," என்றார். அவ்வளவுதான். அவள் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. இருபது வருஷம் கழித்து இரண்டு பெட்டிகளோடு அவர் வாசலில் வந்து நின்றபோது, பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "ஆறு மணிக்கு மேலதான் வெந்நீர் வரும்," என்றார். ரோனியின் பெயரை அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எடுத்ததே இல்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் ஏறுகிறாயா என்பது போலப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையசைத்தாள். பஸ் போனது. உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.

நூலகத்தின் மாடியறையில் நாற்பத்துச் சொச்சம் பேர். ஈரக் கோட்டுகளின் வாடை. மேஜையில் பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, ஊறுகாய் வெங்காயம். தலைவி பெர்னிஸ் ஹேக் பழைய பள்ளி ஆசிரியை. பென்சிலைக் காதில் செருகியிருந்தாள். அட்டைப்பெட்டியில் ஓட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"வா, ஏவ்ரில். கிளெம் எப்படி இருக்கான்?"

பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். "போயிட்டான், பெர்னிஸ். பதினொண்ணு இருபதுக்கு."

அறை மெல்ல மெல்ல அடங்கியது. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். பெர்னிஸ் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளுக்கு நடுவே உறை நசுங்கியது.

"பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டான்," என்றாள் ஏவ்ரில். "செல்லுமா, செல்லாதா?"

பெர்னிஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். நாலு பக்கம்தான். "ஓட்டெடுப்பு நாளன்று உறுப்பினராக இருக்க வேண்டும்னு போட்டிருக்கு. மணி போடல."

"மெம்பர் டிசம்பர் வரைக்கும்," என்றார் ஒருவர். "சந்தா கட்டியாச்சு."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் குரல்: "செத்தவங்க ஓட்டுப் போடறதெல்லாம் நம்ம நகரசபைத் தேர்தலோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் அவரை முழங்கையால் இடித்தாள். ஏவ்ரிலுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கிளெம் இருந்திருந்தால் அதைவிட மோசமாக ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சிரித்த பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஏத்துக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க," என்றாள் பெர்னிஸ். அறை முழுக்கக் கை உயர்ந்தது.

எண்ணும்வரை இருக்கச் சொன்னார்கள். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். பெர்னிஸ் மூன்று தடவை எண்ணினாள். ரயில்வே, ஏழு. பேக்ஹார்ஸ், பதினெட்டு. ஷட்டில், பத்தொன்பது.

கைதட்டல் கேட்டது, அவ்வளவு பலமாக இல்லை. தூர மூலையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொல்வது ஏவ்ரிலின் காதில் விழுந்தது: "பாவம் பாரி. நல்லவேளை, கிளெம் ஓட்டாவது அவனுக்கு விழுந்தது." அவள் டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. பாரி அதே நாற்காலியில் இருந்தார். கிளெமின் தலைமுடி சீவப்பட்டிருந்தது. தண்ணீர் தொட்டுச் சீவியதால் வகிடு நேராக இருந்தது.

"ஏத்துக்கிட்டாங்களா?"

"கை தூக்கி ஏத்துக்கிட்டாங்க."

"ம்." பாரி தன் முழங்கால்களைப் பார்த்தார். "எங்களுக்கு எத்தனை?"

"பதினெட்டு."

"மலை மேல?"

"பத்தொன்பது."

அவர் தலையை ஆட்டினார். வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஏவ்ரில் கோட்டைக் கழற்றாமலேயே சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஷட்டில்ல நல்லா இருக்குன்னு சொல்றாங்க," என்றார் பாரி. "நான் போய்க் குடிச்சுப் பாக்கல."

"கிளெம் போயிருந்தான்."

பாரி நிமிர்ந்தார்.

"அக்டோபர்ல," என்றாள் அவள். "ரெண்டு பஸ் மாறி. மூணு தடவை."

"அந்த மூச்சை வச்சுக்கிட்டா?"

"ஆமா."

"என்ன சொன்னான்?"

ஏவ்ரில் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குன்னான்."

பாரி போர்வை மேல் இருந்த கிளெமின் கையின் மேல் தன் கையை வைத்தார். உடனே எடுத்துவிடுவார் என்று நினைத்தாள், எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "ரெண்டு பஸ்ஸா," என்றார், தனக்குத்தானே.

நாலேகாலுக்கு நர்ஸ் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து மணிக்குச் சவப்பெட்டிக்காரர்கள் இருவர் வந்தார்கள். முன்கதவு குறுகல். பாரி வாசலிலிருந்த குடை ஸ்டாண்டையும் பூட்ஸ்களையும் தெருவில் எடுத்து வைத்து வழி செய்தார். திருப்பத்தில் அவர்கள் தடுமாறியபோது, கேட்காமலேயே கால் பக்கம் கைகொடுத்துப் பிடித்தார். வண்டி தெருக்கோடி திரும்பும்வரை தலை நனைய நின்றார். உள்ளே வந்து பூட்ஸ்களைப் பழையபடி ஜோடி ஜோடியாக வைத்தார்.

முன்னறையில் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. கட்டிலில் விரித்திருந்த காற்று மெத்தையின் மோட்டார். முதுகு புண்ணாகாமலிருக்க, ஒரு வரிசைக் குழல்களில் காற்றை நிரப்பி, அடுத்த வரிசையில் இறக்கிக்கொண்டே இருக்கும் அது. மூன்று வாரமாக அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததே இல்லை.

பாரி குனிந்து சுவரோரம் சுவிட்சைத் தேடினார்.

"இருக்கட்டும்," என்றாள் ஏவ்ரில்.

அவர் நிமிர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெறும் விரிப்பு ஒரு பக்கம் மெதுவாக உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. மறு பக்கம் உயர்ந்தது.