ரைட்டர் எழுதிய எதிர்ப்பு

மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த சுப்பிரமணிக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். சேலத்திலிருந்து மலையேறி வந்த பதினோரு வருஷத்தில் அவர் சேர்த்த ஒரே சொத்து ஒரு தடித்த நோட்டு. இங்கிலீஷ்காரன் பேசுகிற மரபுத்தொடர்களைப் பொருளோடும் உதாரண வாக்கியத்தோடும் அதில் எழுதி வைத்திருந்தார். கேட்க ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார்.

1984-ல் எஸ்டேட் நிர்வாகம், காப்பித் தோட்டத்துக்கு நடுவே போகும் பாதையில் கேட் போட்டு அடைக்கப்போவதாகச் சொன்னது. ஊர்க்காரர்கள் இடுகாட்டுக்குப் போகிற பாதை அது. அதில் போனால் கால்மணி நேரம்; தார் ரோட்டில் சுற்றினால் நாலு மைல். நெஞ்சுச் சளியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஐயாக்கண்ணுதான் முதலில் வந்தார், மனைவி பாவாயியையும் கூட்டிக்கொண்டு.

"ஏனுங்க ரைட்டரே, எங்கப்பன் ஆத்தாளையெல்லாம் இந்த வழியாத்தானுங்க தூக்கிட்டுப் போனோம். நானும் இப்படியே போயிரோணும். நல்லா உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதிக் குடுங்க."

சுப்பிரமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினார். 'வீ செட் அவர் ஃபேஸ் அகெய்ன்ஸ்ட்' என்று ஆரம்பித்த மனுவை வாசித்துக் காட்டிவிட்டு, விளக்கமும் சொன்னார்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க. சும்மா புடிக்கலைன்னு சொல்றதுக்கும் இதைப் போடக்கூடாது. பயங்காட்டினாலும் ஆசை காட்டினாலும் மசியாம, ஒண்ணை எதிர்த்துக் கடைசி வரைக்கும் நிக்கறவன்தான் இப்படி எழுதலாம்."

"அப்ப நாம அப்படித்தானுங்க நிக்கறோம்" என்றாள் பாவாயி. இருபத்தாறு பேர் கைநாட்டு வைத்தார்கள்.

மனுவைப் படித்த மேனேஜர் சுப்பிரமணியை மேலும் கீழும் பார்த்தார். "இங்கிலீஷ் நல்லா இருக்கே. யார் எழுதினது?"

"டவுன்ல யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்க சார்" என்றார் சுப்பிரமணி. நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுவாரம் கேட் பூட்டப்பட்டது. சாவியை அவர் கையிலேயே கொடுத்தார் மேனேஜர். "பொணம் கிணம்னு எவன் வந்தாலும் நீயே போய் நின்னு திருப்பி அனுப்பணும். திறந்தா, நீயும் அவங்களோடயே போயிடலாம்."

மூன்றாம் மாதம் ஐயாக்கண்ணு செத்துப்போனார். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பாடை நேராகக் கேட்டுக்கே வந்தது. ரைட்டர் நம் ஆள்தானே என்று நம்பித்தான் வந்தார்கள். பாதி வழிவரை வருகிற பெண்களோடு பாவாயியும் வந்திருந்தாள்.

"கொஞ்சம் திறந்து விடுங்க. தூக்கறவங்க நனையறாங்க" என்றாள்.

சாவி சுப்பிரமணியின் சட்டைப்பையில் இருந்தது. கை அங்கே போகவேயில்லை. "மேனேஜர் சொல்லோணும்ங்க" என்று முனகினார்.

ஐயாக்கண்ணுவின் மகன் சித்தன் பாடையை அடுத்தவன் தோளுக்கு மாற்றிவிட்டு, பூட்டை உடைக்க ஒரு கல்லைத் தூக்கினான். சுப்பிரமணி ஓடிப்போய்ப் பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "வேண்டாம் சித்தா! என் வேலை போயிரும். குடியிருக்கற ஊடும் போயிரும்!"

பாவாயி மகனின் கையைப் பிடித்தாள்.

"கல்லைப் போடு சாமி. பாவம், அவருக்கும் புள்ளைங்க படிக்குதுங்க. உங்கப்பன் இருந்தாலும் இதைத்தான் சொல்லும்." பிறகு அவரிடம், "நீங்க வெசனப்படாதீங்க ரைட்டரே. அன்னிக்கு எழுதிக் குடுத்ததே நொம்பப் பெருசுங்க" என்றாள்.

பாடை திரும்பியது. சேற்றில் வழுக்கி வழுக்கித் தார் ரோட்டுக்கு ஏறினார்கள். அவள் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழுது யாருக்கு என்ன லாபம்?

இத்தனைக்கும் மேனேஜர் அன்றைக்கு மலையிலேயே இல்லை; காலையிலேயே சேலத்துக்கு இறங்கிவிட்டார். செத்துப்போன ஐயாக்கண்ணுவை எதிர்த்து அங்கே நின்றது சுப்பிரமணி ஒருவர்தான்.