நர்மதா ஈஸ்ட்

நாச்சம்மை அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது சந்தோஷம் தாங்காமல்தான்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவள் மூலக்கூறு உயிரியலாளர். பத்து பாகாட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் கண்ணையாவின் மகள் நர்மதாவுக்குக் கால் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போகும் நோய். செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வை நறுக்கிச் சீராக்கும் ஒரு புரதத்தில் கோளாறு, மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னதும், நாச்சம்மை தன் ஆராய்ச்சியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டிலும் அதே மரபணு உண்டு. அதில் அதே எழுத்தை மாற்றினாள். ஈஸ்ட் வளராமல் சுணங்கிக் கிடந்தது. வேறொரு புரதத்தை அதற்குள் கூடுதலாக உண்டாக்கிப் பார்த்தாள். ஒரு காலையில் வளர்ப்புத் தட்டை எடுத்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் முளைத்திருந்தன; ஈஸ்ட் வளரத் தொடங்கியிருந்தது.

“நம்ம நர்மதா ஈஸ்ட் எழுந்து நின்னுடுச்சு!” என்று அந்தத் தட்டின் படத்துக்குக் கீழே எழுதினாள். அடுத்த நிமிடமே கண்ணையா போன் செய்தார். போனிலேயே அழுதார். அதன் பிறகு அவ்வப்போது, “எப்பம்மா வரும்?” என்று கேட்பார். அவள், “நல்லா போய்க்கிட்டிருக்குண்ணே” என்பாள்.

தீபாவளி விடுமுறைக்குப் பத்து பாகாட் போனபோது, நர்மதா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். குதிகால் தரையில் படவே இல்லை. நுனிக்காலில் நின்று அத்தையைக் கட்டிக்கொண்டாள். நாச்சம்மை குனிந்து அவள் பாதத்தை மெல்ல மேலே அழுத்திப் பார்த்தாள். மடங்க மறுத்தது.

சமையலறைக்குப் போய், “அண்ணி, காலுக்குப் போடுற பிளாஸ்டிக் பட்டை எங்க? பிசியோவுக்குப் போறீங்கதானே?” என்றாள்.

உமாதேவி முறுக்கைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: “உங்க அண்ணன்தான் நிப்பாட்டிட்டாங்க. பிள்ளை ஒவ்வொரு தடவையும் வலியில கத்துதுலா. ‘நாச்சம்மைதான் மருந்து கண்டுபிடிச்சிட்டாளே, அது வர்ற வரைக்கும் ஏன் பிள்ளைய போட்டு வதைக்கணும்’னாங்க.”

அண்ணனுக்கு விஷயம் புரியவில்லை என்று நாச்சம்மையால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் எதைக் கேட்கிறார் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவர் குரலில் இருந்த அந்த நம்பிக்கை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

கண்ணையா கடையிலிருந்து சாப்பிட வந்ததும் சொல்லிவிட்டாள்.

“அண்ணே, அது மருந்து இல்ல. ஈஸ்ட்டுல சரியானது மனுஷனுக்குச் சரியாகும்னு யாராலயும் சொல்ல முடியாது. சரியானாலும் எத்தனையோ வருஷம் ஆகும். நர்மதா பெரியவளாயிடுவா.”

கண்ணையா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

“போன்ல கேட்டேனேம்மா.”

“கேட்டீங்க. நான்தான் சொல்லல.”

“ஏன்?”

அவள் சோற்றுப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எழுந்து கை கழுவிவிட்டுக் கடைக்கே திரும்பிப் போய்விட்டார். உமாதேவி மட்டும், “எம்பிள்ளை பேரை எதுக்கு அதுக்கு வச்சீங்க?” என்று கேட்டாள்.

விடுமுறை முடிந்ததும் நாச்சம்மையே மருத்துவமனைக்குக் கார் ஓட்டினாள். பின்னிருக்கையில் கண்ணையா மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதத்தை மடக்கிப் பார்த்த பிசியோ பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

“தசைநாரெல்லாம் சுருங்கிப்போச்சு. கொஞ்சம் இளகும். பழையபடி முழுசா வருமான்னு தெரியல. விடாம வந்திருக்கணும் நீங்க.”

“என் தப்புதான்,” என்றார் கண்ணையா.

“இல்ல, அண்ணே…”

“சும்மா இரும்மா.”

நர்மதாவை மேசையில் படுக்க வைத்தார்கள். அப்பாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, அத்தை இருக்கட்டும் என்றாள் நர்மதா. முதல் இழுப்பிலேயே அலறினாள். நாச்சம்மையின் விரல்களை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, “போதும்னு சொல்லுங்கத்தை, போதும்னு சொல்லுங்க” என்று கெஞ்சினாள்.

நாச்சம்மை சொல்லவில்லை. “இன்னும் கொஞ்சம்தான்” என்று வாய்வரை வந்ததையும் விழுங்கிக்கொண்டு, “வலிக்கும்டா, இன்னும் ரொம்ப நேரம் வலிக்கும். நான் இங்கேயே இருக்கேன்” என்றாள்.