சித்தி விடுதிக்குள் நுழைந்தாள்

1

கதை எழுதுகிறவன் நுழைய முடியாத கட்டடம் இந்தப் பூமியில் இன்னும் கட்டப்படவில்லை. கோட்டை, சிறைச்சாலை, கல்லூரி முதல்வரின் அறை, எதுவானாலும் எனக்கு ஒரு வாக்கியம் போதும். கொத்தனார் மாதக்கணக்கில் எழுப்பிய சுவரை ஒரு காற்புள்ளியில் தாண்டிவிடுவேன். அடக்கத்தோடுதான் சொல்கிறேன்: மனிதகுலத்தின் போக்குவரத்துச் சிக்கலுக்கு இதுவரை கிடைத்த ஒரே தீர்வு இலக்கியம்.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிற மாதிரி ஏதாவது கொடு என்று கல்லூரி இதழில் கேட்டார்கள். அதே நாளில் என் சித்தி, அம்மாவின் தங்கை, நான் படிக்கும் நகரத்துக்கு வருவதாகவும் தங்க ஓர் இடம் பார்க்கும்படியும் சொன்னாள். இரண்டு வேலையையும் ஒரே வரியில் முடித்தேன்.

சித்தி விடுதிக்குள் நுழைந்தாள்.

எவ்வளவு சுலபம், பாருங்கள். அடுத்த வரிதான் இன்னும் வரவில்லை.

2

சித்தியின் கால்கள் சில வருடங்களுக்கு முன் சொல்பேச்சுக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. இப்போது அவள் பேட்டரி ஸ்கூட்டரில் போகிறாள். [முதலில் ‘சக்கர நாற்காலி’ என்று எழுதி அடித்தேன். இரண்டும் ஒன்றில்லை.] நான்கு சக்கரம், முன்னால் கூடை, வேகத் திருகின் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். நீளம் அதிகம். நின்ற இடத்தில் திரும்பாது.

தொழில், குரல். கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணி பேசுகிறாள். கிளைக்குக் கிளை தாவுகிற ஓர் அணிலுக்கு அவள்தான் வாய். (இந்த முரணை வைத்து உருக்கமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். “தாவுறது அணிலு, பேசுறது நானு. நடுவுல உனக்கு ஏன்டா கண்ணீர் வருது?” என்றாள். பத்தி போயிற்று.)

சிக்கல் என்னவென்றால், சொந்தக் குரலும் அதே அணில் குரல்தான். விடுதிகளுக்கு அவளே பேசிப் பார்த்தாள்.

“ஹலோ, உங்க வாசல்ல படி இருக்குங்களா?”

“அம்மா இருந்தா ஃபோனைக் குடு கண்ணு.”

“நான்தாங்க பேசுறேன்.”

“விளையாடக் கூடாது பாப்பா. மாமா வெச்சிடுறேன், சரியா?”

அப்படித்தான் வேலை என் தலையில் விழுந்தது.

3

போன முறை வேறொரு நகரம். எல்லா வசதியும் உண்டு என்று சொன்ன விடுதியின் வாசலில் ஒரு படி இருந்தது. “ஒண்ணே ஒண்ணுதான் மேடம்” என்றார்கள். ஒற்றைப் படியை உலகத்தில் யாரும் படியாகச் சேர்ப்பதில்லை. இரண்டாவது வந்த பிறகுதான் முதலாவது பிறக்கிறது. நான்கு பேர் வண்டியோடு சேர்த்து அவளைத் தூக்கினார்கள். பாதியில் ஒருவருக்குப் பிடி நழுவியது. சித்தி கத்திய கத்தலில் தொண்டை கட்டி, மறுநாள் ஒலிப்பதிவில் அணில் தவளையாகிவிட்டது. அந்தப் படம் வேறொருத்திக்குப் போயிற்று.

இப்போது இந்த நகரத்தில் மறுபடி ஓர் அணிலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் குரல் சோதனை. தேறினால் நீண்ட தொடர்.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். என்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்கித்தான் ஆகணும்னா அப்படியே திரும்பி அடுத்த ரயிலைப் பிடிச்சிடுவேன். அணிலுக்கு வேற ஆளு கிடைப்பா.”

இதற்கு அவளிடம் ஒரு முறை இருக்கிறது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வண்டியின் அளவுக்கு ஒரு காகித வண்டி செய்வாள். புதிய இடம் என்றால் யாராவது முன்கூட்டியே போய், அதைத் தரையில் போட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும். எங்கே மடங்குகிறதோ அங்கே அவள் போக முடியாது. நானே ஒன்று செய்துகொள்ள, எனக்கும் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு, அகலத்துக்கு ஒரு பச்சைக் கயிறு நறுக்கித் தபாலில் அனுப்பினாள்.

“சித்தி, ஊர் பார்க்க நான் பேப்பரைத் தரையில தேய்ச்சுக்கிட்டுப் போகணுமா? மானம் போயிடும்.”

“உன் மானம் போனா திரும்பி வரும்டா.”

நான் படங்களைப் பார்த்து ஒரு விடுதியைப் பதிவு செய்தேன். பெரிய ஜன்னல், வெள்ளைக் கட்டில், மூலையில் ஆளுயரப் பூச்சாடி. பக்கத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் வேறு. பச்சைக் கயிறு என் பழைய இதழ்களைக் கட்டப் பயன்பட்டது. சிவப்பில் துண்டு காய்ந்தது. காகித வண்டியைக் கிண்டலடித்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். இந்தக் கதையிலேயே சிறந்த பக்கம் அதுதான். படித்த நண்பர்கள் சிரித்து உருண்டார்கள்.

4

இரண்டாவது வரிக்கு எடுத்த முயற்சிகள், சித்தியிடம் ஃபோனில் படித்துக் காட்டிய வரிசையில்:

மழை கொட்டிக்கொண்டிருந்தது. சித்தி கண்ணாடிக் கதவைத் தள்ளியபடி

“ஒரு கை வண்டியில, ஒரு கை கதவுல. குடைய நீ வந்து பிடிப்பியா?”

மழையை நிறுத்தினேன்.

கதவு தானே திறந்தது. லிஃப்டில் ஏறிய சித்தி

“உள்ள திரும்ப இடம் இருக்கா, பின்னாலயே வரணுமா?”

“சித்தி, இது கதை.”

“கதைன்னா லிஃப்ட்லயே குடியிருக்கச் சொல்றியா?”

அறையின் நடுவே வெள்ளைக் கட்டில். சித்தி வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு

“பிளக் கட்டிலுக்குப் பின்னால இருக்கும். எங்க போனாலும் அப்படித்தான்.”

இருக்குமோ? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளக் தெரியவில்லை. பூச்சாடி மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

5

இன்று காலை ரயிலில் ஏறியதும் பேசினாள்.

“சரிவுப் பலகை போட்டாங்கடா, ஜம்முனு ஏறிட்டேன். சாயங்காலம் வந்துடுவேன்.”

“விடுதியைப் பத்தி ஏதாவது கேக்கணுமா சித்தி?”

“உன்கிட்ட என்னத்தடா கேக்குறது? நீதான் போய்ப் பாத்திருப்பியே.”

உலகத்தில் எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்கிறவள் என்னை மட்டும் விட்டுவிட்டாள். ஃபோனை வைத்தேன். ஒரு முடிவு எழுத உட்கார்ந்தேன்: சித்தி சிரித்தபடி உள்ளே போகிறாள். அடித்தேன். இன்னொன்று: வாசலோடு திரும்பி, அடுத்த ரயிலின் ஜன்னலோரம். அதையும் அடித்தேன். எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன், தாகம் இல்லாமல். கொடியிலிருந்த துண்டை உருவிப் போட்டுவிட்டுச் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தேன். இதழ்க் கட்டிலிருந்து பச்சையையும்.

6

விடுதி வாசலில் சரிவுப் பாதை இருந்தது. லிஃப்டும் பெரிது. நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம்.

“எல்லா வசதியும் இருக்கு சார்” என்றார் அறையைத் திறந்துவிட்ட வரவேற்பாளர்.

பிளக் கட்டிலுக்குப் பின்னால்தான் இருந்தது.

“கட்டிலை நகர்த்திடலாம் சார்.”

“குளியலறை?”

“இப்படி உள்ள போய் ஒரு திருப்பம். எல்லாரும் போறாங்க, வர்றாங்க.”

“நடந்தா?”

என் கையிலிருந்த கயிறுகளைப் பார்த்தார். “நடந்துதான் சார்.”

“பழைய செய்தித்தாள் இருக்குமா?”

“இப்பல்லாம் யாரு சார் பேப்பர் வாங்குறா?”

என் பையில் இருந்த காகிதம் இந்தக் கதை மட்டுமே. ஒட்டுவதற்கு டேப் கொடுத்துவிட்டு அவர் பூச்சாடியை வெளியே இழுத்துக்கொண்டு போனார். கயிறுகளைத் தரையில் நீட்டி, அந்த அளவுக்குப் பக்கங்களை ஒட்டினேன். போக்குவரத்துச் சிக்கலைத் தீர்த்த முதல் பக்கம் கூடையாயிற்று. மழையும் லிஃப்டும் இருக்கையாயின. நண்பர்கள் உருண்ட பக்கம் பின் சக்கரம்.

முட்டி போட்டுத் தள்ளுகிறேன். கட்டிலைத் தாண்டிவிட்டது. திருப்பத்தில் மெல்ல வளைக்கிறேன். கூடை சுவரை உரசுகிறது, மடங்கவில்லை. இந்த வரிகள் இருப்பது முன் இடது சக்கரத்தில். வண்டி குளியலறை வாசலுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மடங்கினால் வேறு விடுதி தேட இன்னும் பகல் இருக்கிறது. ஆனால் குளியலறைக் கதவு தானாக மூடிக்கொள்கிற வகை. என் இரண்டு கையும் காகிதத்தில்.

வாசகரே, அந்தக் கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.