பெரிய காகிதம் உள்ள மருந்து

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மருந்துக்கடை வரிசையில். மூக்கு ஒழுக, கண் எரிய, கைக்குட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். கதை பிறந்த இடமாக இதைவிடக் கௌரவமான ஒன்றைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சளி பிடித்த மூளையில் பொய்கூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது.

என் முறை வந்ததும் கடைக்காரர் சீட்டைக் கேட்கவில்லை. என் மூக்கைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

“நீங்களாவது சளி போகணும்னு வர்றீங்க. இப்பப் போனாரே ஒரு பெரியவர், அவருக்கும் சளிக்கு மருந்துதான் வேணுமாம். ஆனா எந்த டப்பாவுக்குள்ள இருக்கிற காகிதம் பெருசோ, அது வேணுமாம்.”

“எதுக்காம்?”

“கேக்கலை. பின்னாடி இத்தனை பேர் தும்மிக்கிட்டு நிக்கிறீங்களே.”

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் புகுந்தேன். அரைத்தூக்கத்தில் அந்தப் பெரியவர் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி ஏதோ ஒரு தெருவில் நடந்துகொண்டே இருந்தார். பின்னாலேயே போனேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. கொஞ்சம் மாத்திரையின் கற்பனையும்.

2

முதல் வரிக்கு முயற்சி: “மழை விடாமல் பெய்த அந்த மாலையில் அவளுக்குத் தொண்டை—”

(வேண்டாம். சளி என்றதும் மழையைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.)

இன்னொன்று: “நிலவுவரை போய்வந்த மனிதன் சளிக்கு மட்டும் இன்னும்—”

(எல்லாரும் சொல்லியாயிற்று. சொன்ன யாருக்கும் சளி குறையவில்லை.)

“அவர் டப்பாவைக் கையில் வைத்து எடை பார்த்தார்.”

இது இருக்கட்டும். அவர் கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களை எடை போட்டே ஓய்வு பெற்றவர். கையில் எதைக் கொடுத்தாலும் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். கண்ணில் புரை விழுந்துவிட்டது, சின்ன எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்கிறார். பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டீங்களா என்றால் ம். தூங்கினீங்களா என்றால் அதற்கும் ம். தட்டில் பாதி மிச்சம் இருக்கும்.

மனைவி பஸ் கண்டக்டராக இருந்தவர்.* நாளெல்லாம் நிறுத்தங்களின் பெயரைக் கத்திவிட்டு, மீந்த குரலோடு வீட்டுக்கு வருவார்.

(* முதலில் டீச்சர் என்று எழுதியிருந்தேன். கதைகளில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே டீச்சராக இருப்பது எனக்கே அலுத்துவிட்டது.)

3

மகளை வீட்டில் வானொலி என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வாயே மூடாததால் அம்மா வைத்த பெயர். தொழிலும் அப்படியே அமைந்துவிட்டது: விளம்பரத்துக்கும் தொலைபேசிக்கும் குரல் கொடுப்பாள். அம்மா போனபின் கைக்கு வந்த முதல் பெரிய வேலை, புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையின் லிஃப்ட். “ஐந்தாவது தளம். கதவு திறக்கிறது.” கீழ்த் தளங்களை எல்லாம் பேசி முடித்த மறுநாள் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. மேல் தளங்கள் பாக்கி.

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். “பாதி தூரம் நீங்க கூட்டிட்டுப் போறீங்க, மீதி தூரம் உங்க பெரியம்மா கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. நோயாளிங்க பயந்துடுவாங்க.”

“சரியாயிடும் சார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகணும். இல்லைன்னா வேற ஆளை வெச்சு முதல்ல இருந்து எடுக்கச் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

அன்றிலிருந்து வானொலி மருந்து தேட ஆரம்பித்தாள். ஆவி பிடித்தாள். உப்புத் தண்ணீரில் தொண்டை புண்ணாகும்வரை கொப்பளித்தாள். தேனும் எலுமிச்சையும் குடித்தாள். மாடிப்படியில் பார்த்த கீழ்வீட்டு அக்கா பச்சைப் பூண்டை மெல்லச் சொன்னார், மென்றாள். சளி அப்படியே இருந்தது, மற்றவர்கள்தான் விலகிப் போனார்கள். இடது பக்கம் படு என்றார் ஒருவர், வலது பக்கம் என்றார் இன்னொருவர். எந்தப் பக்கம் படுத்தாலும் ஒரு மூக்கு திறந்தால் மற்றது மூடிக்கொண்டது, ஒரே சாவியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் இரண்டு பேரைப் போல.

டாக்டருக்கே மூக்கடைத்திருந்தது. “பேசாதீங்க. குரலுக்கு ஓய்வு கொடுங்க, அவ்வளவுதான்,” என்றார்.

“எப்ப டாக்டர் சரியாகும்?”

“எனக்கே தெரியலைம்மா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

4

அன்று மத்தியானம் அப்பா தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாத மனிதர். திரும்பி வந்து ஒரு டப்பாவை நீட்டினார்.

“உள்ள காகிதம் இருக்கும், படி. என்னன்னு தெரியாம முழுங்கக் கூடாது.”

அவள் படித்தாள். தொண்டைக்குள் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல் இருந்தது. “இம்மருந்து தூக்கத்தை உண்டாக்கலாம். வாய் உலரலாம். கனரக இயந்திரங்களை இயக்க வேண்டாம்.”

“நான் எங்க இயக்கப் போறேன். மேல படி.”

அப்பா பகடி பண்ணி அவள் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. படித்தாள். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி, விரலால் கைப்பிடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். திரைச்சீலை உள்ளே வந்து வந்து போயிற்று. பக்கவிளைவுகள் ஒவ்வொன்றாக அறைக்குள் மிதந்தன. அன்று அவர் தட்டில் மிச்சமே இல்லை.

மறுநாள் இன்னொரு டப்பா. அதற்கு மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, மூன்று மொழிகளில் அச்சடித்த ஒன்றை வாங்கிவந்தார்.

5

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. பேசக் கூடாத பெண்ணைப் படிக்கவைத்து, அவள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாரே. ஒரு பிரதியில் அவர் மாத்திரைகளை ஒளித்துக்கூட வைத்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நான் அரைத்தூக்கத்தில் பின்தொடர்ந்த மனிதர் அப்படிச் செய்யமாட்டார். வேளை தவறாமல் மாத்திரையும் வெந்நீருமாக வந்து நிற்பவர் அவர்.

பிறகுதான் உறைத்தது. டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாது. வானொலி சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். (கேட்கலாம், என் பாத்திரம்தானே.) அவள் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

6

வியாழக்கிழமை சாயங்காலம். மேஜைமேல் டப்பாக்கள் ஒரு சின்னத் தெருபோல் நின்றன. அவள் மூன்று மொழிக் காகிதத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்” என்ற இடத்தில் தொண்டை சட்டென்று திறந்தது. “எட்டாத” என்ற சொல் மட்டும் சுத்தமாக, அவளுடைய சொந்தக் குரலில் வந்தது.

அப்பாவின் விரல் நின்றது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, நீங்க இதையெல்லாம் மருந்துக்காக வாங்கலை, இல்லையா?”

“மருந்துக்கும்தாம்மா.”

“வேற எதுக்கு?”

“உங்கம்மா டியூட்டி முடிஞ்சு வந்தா இப்படித்தான் பேசுவா. பிரமாதமா ஒண்ணும் இருக்காது. பால் வந்துச்சா, விளக்கு ஏன் போடலை, அவ்வளவுதான். நீதான் படிக்கிறேன்னு எனக்குத் தெரியும். புத்தி ஒண்ணும் பேதலிச்சுடலை. சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன்.”

“டாக்டர் பேசவே கூடாதுன்னாருப்பா.”

அவர் கண்ணைத் திறந்தார். “முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“நீங்க சாப்பிட ஆரம்பிச்சீங்க. அதான் சொல்லலை.”

அவர் எழுந்து வந்து அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். பழையபடி மடிக்கப் பார்த்தார். அந்தக் காகிதங்களைப் பழையபடி மடிக்க யாராலும் ஆகாது. சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே வாயைத் திறக்காதே. அங்க லிஃப்ட் பாதியில நிக்குது.”

7

முடிவுகளுக்கு வருகிறேன்.

ஒன்று: அவளிடம் நல்ல மைக் இருக்கிறது. சளி போவதற்குள் அந்தக் குரலைப் பதிந்து கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறாள். பேசக் கூடாது என்பதால் அதை ஒரு தாளில் எழுதி, அப்பாவுக்குக் கீழ்வீட்டு அக்காவை விட்டுப் படித்துக்காட்டச் சொல்கிறாள். அப்பா வேண்டாம் என்கிறார். “அதுகிட்ட நான் ஏதாவது கேட்டா பதில் வராதே.” இதற்குமேல் அந்த முடிவு நகரவில்லை.

மற்றொன்று: சளி போகவே இல்லை. மருத்துவமனை அந்தக் குரலையே ஏற்றுக்கொள்கிறது. அப்பா தினமும் போய் லிஃப்டில் ஏறி மேலும் கீழுமாகப் போய்வருகிறார். கதவு திறக்கும்போதெல்லாம் மனைவி தளத்தின் எண்ணைச் சொல்கிறாள், அவர் மட்டும் இறங்குவதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே அடித்துவிட்டேன், சளி பிடித்தவனின் கண்ணீரை நம்பக் கூடாது.

உள்ளபடி நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை அவள் குளியலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: “ஒன்பதாவது தளம்.” கண்ணாடிபோல் வந்தது. பூண்டா, மூன்று மொழி மருந்தா, ஒரு ராத்திரி மௌனமா, எது வேலை செய்தது என்று தெரியவில்லை. ஒலிப்பதிவுக்காரருக்குக் கிளம்புவதாகச் செய்தி அனுப்பினாள். அந்த வேலை போகாது. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

போவதற்குமுன் அப்பாவின் அறைக்குப் போகிறாள். அவர் விழித்துத்தான் இருக்கிறார், கண் மட்டும் மூடியிருக்கிறது. அவளுக்குக் குரல் தொழில். நினைத்தால் தொண்டையைச் சற்று இறக்கி அந்த இன்னொரு குரலை இன்றைக்கும் கொண்டுவரலாம். கொண்டுவந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார், ஆனாலும் ஒன்றும் சொல்லமாட்டார். கொண்டுவராவிட்டால் வெறும் ம் என்பாரோ, எழுந்து சாப்பிட வருவாரோ, எனக்குத் தெரியாது.

நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். எழுத்துக்குக் குரல் கிடையாது. அவள் சொன்ன சொற்களை மட்டும் இங்கே வைக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் குரலில் என்பது உங்கள் தொண்டைக்குத் தெரியும்.

“அப்பா, விடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. ஜன்னலைத் திறக்கவா?”