எடுத்த பிறகும் இருந்த பதிவு

வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அவள் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது: “எடுத்துட்டேன்னு சொன்னியேம்மா. கிளாஸ்ல எல்லாரும் படிக்கிறாங்க.”

எது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறவள் அவள். பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் மகள் படுக்கையை நனைத்ததையும், அதட்டாமலே அதைக் கடந்து வந்ததையும் ஒருமுறை எழுதியிருந்தாள். முகம் தெரியாத தாய்மார்கள் எத்தனையோ பேர் நன்றி சொன்ன பதிவு. மகள் வளர்ந்து, முகம் சிவக்க வந்து நின்றபோது மறுபேச்சில்லாமல் நீக்கிவிட்டாள்.

கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, பின்பக்கம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேடினாள். பதிவு ஒரு வரி குறையாமல் இருந்தது. இருந்த இடத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நாத்தனார் நடத்தும் தளம். பெற்றோருக்குப் பயன்படும் எழுத்துகளைப் பல இடங்களிலிருந்து திரட்டித் தருகிற தளம்.

மாலையில் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனாருக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை. துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கணினியைத் திறந்து காட்டினாள். அண்ணி புதிதாக எதை வெளியிட்டாலும் வலைப்பதிவின் ஃபீட், அதாவது புதுப் பதிவுகளைத் தானாக வெளியே தரும் ஓடை, அதை முழுசாக அனுப்பிவிடும். இந்தத் தளம் தானாகவே வாங்கிச் சேமித்துக்கொள்ளும். அங்கே நீக்கினால் இங்கே நீங்காது. அவ்வளவுதான் சங்கதி. பதிவை அப்போதே அழித்தாள். ஆனாலும் குற்றவாளிபோல நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

“ஃபீடைத் திறந்து வெச்சது நீங்கதானே அண்ணி? யார் வேணா எடுத்துக்கலாம்னுதானே அர்த்தம்?”

“படிக்கத்தான் திறந்து வெச்சேன். வாசக்கதவு திறந்திருக்குன்னு என் சோபாவத் தூக்கிட்டுப் போவியா?”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாட்டேன்தான். ஆனா எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு நீங்க எங்கேயும் எழுதி வெக்கலியே?”

அது சுருக்கென்று தைத்தது, உண்மையாகவும் இருந்தது. மருந்து அட்டையில் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள், தன் எழுத்துக்கு ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. அங்கேயே இருவரும் உட்கார்ந்தார்கள். இனி ஃபீடில் தலைப்பும் தொடக்க வரிகளும் மட்டும் போகும்படி மாற்றினார்கள். எடுத்துப் போடுகிறவர்கள் மூலப்பதிவுக்கு இணைப்புத் தர வேண்டும், அவள் நீக்கியதை அவர்களும் நீக்க வேண்டும் என்று எழுதி, வலைப்பதிவின் முகப்பிலேயே தெரியும்படி வைத்தார்கள். சில வரிகளை நாத்தனாரே கறாராக்கினாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். படித்தவர்கள் மனத்திலிருந்து அதை அழிக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. மகள் நிபந்தனைகளைப் படித்தாள்.

“இது மத்தவங்களுக்கு. உனக்கு ஒண்ணும் இல்லையா?”

அவள் வலைப்பதிவின் முகப்பை மறுபடி திறந்தாள். மகளே சொன்னாள்: “என்னைப் பத்தி எழுதினா, மொதல்ல எனக்குக் காட்டணும்.”

அதையும் சேர்த்தாள், அதே எழுத்தளவில்.

அடுத்த விடுமுறை நாளில், மகள் சைக்கிள் பழகும்போது வேலியில் போய் விழுந்த கதையை அவள் எழுதி, மடிக்கணினியை மகளிடம் கொடுத்தாள். மகள் கால்களை மடக்கி உட்கார்ந்து, உதடு அசையப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள். வாயோரம் ஒரு சிரிப்பு ஒதுங்கியிருக்க, அவள் விரல் அழிக்கும் விசைக்கு மேலே, தொடாமல், நின்றுகொண்டிருந்தது.