சிவப்புப் புள்ளி வைத்த காது மெஷின்

"உள்ள தண்ணி போயிருக்கு. வாரண்டி கிடையாது." கவுன்ட்டர்காரர் சொன்ன தோரணையைப் பார்த்தால், குடத்தோடு தண்ணீரை ஊற்றியதே தையல்காரிதான் என்று தோன்றும். மனுஷன் நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காது மெஷினை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

பக்கத்தில் அவள் புருஷன், எதுவும் காதில் விழாமல், சுவர் விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு 'ஸ்பேனர்' என்று பட்டப்பெயர். ஓடுகிற சத்தத்தை வைத்தே என்ஜின் கோளாறைச் சொல்லிவிடுகிற ஆள். ஒரு காது எப்போதோ போய்விட்டது. மறு காது இந்த மெஷின் தயவில் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. மெஷின் முதல் தடவை மக்கர் பண்ணியபோது இதே சர்வீஸ் சென்டரில்தான் சரிபண்ணி வாங்கினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. அதன்பிறகு நல்ல என்ஜினைப் பிரித்துப் போட்டார், கெட்டதைச் சரி என்று அனுப்பிவைத்தார். இப்போது ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவுகிறார். அவர் இடத்துக்கு நாளைக்குப் புது ஆள் வருகிறான். இந்த லட்சணத்தில் மெஷின் அடியோடு ஊமையாகிவிட்டது.

"வாரண்டி இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க? ஏன் இல்லன்னு எழுதிக் கொடுங்க. நுகர்வோர் கோர்ட்டுல காட்டிக்கறேன்."

"அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்கற வழக்கம் இல்லம்மா."

"வழக்கம் இல்லன்னா இன்னிக்கு ஆரம்பிங்க."

பின்னால் காத்திருந்த டீச்சர் ஒருத்தி சிரித்துவிட்டாள். "நல்லாக் கேளுங்கக்கா. என் கதையும் இதேதான். எனக்கு லேசாத்தான் கேக்காது. இங்க சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினதுல இருந்து மெஷின் அலறுது. கிளாஸ்ல ஒரு பெஞ்சு நகர்ந்தா மண்டைக்குள்ள இடி விழுது. போடப் போடப் பழகிடும்னு அனுப்பிட்டாங்க. இப்பக் கழட்டி வெச்சாலும் காதுக்குள்ள ஒரு இரைச்சல் ஓயவே மாட்டேங்குது."

சொல்லிக்கொண்டே தன் மெஷினின் பேட்டரி மூடியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய நெயில் பாலிஷ். ஒர்க்‌ஷாப்பில் எல்லார் ஸ்பேனரும் ஒன்றுபோல இருக்கும்; ஆளுக்கொரு நிறத்தில் அடையாளம் வைப்பார்கள். அவள் புருஷனுக்குச் சிவப்பு. டப்பா, ஹெல்மெட், செருப்பு, காது மெஷின் என்று மனுஷன் எதையும் விட்டுவைத்ததில்லை. மெஷின் சர்வீஸிலிருந்து வந்த அன்றைக்கே, "புள்ளியைக் காணோமே?" என்று கேட்டார். "துடைச்சுச் சுத்தம் பண்ணியிருப்பாங்க, இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?" என்று அவர் வாயை அடைத்ததும் அவளேதான்.

"இது... இது எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

கவுன்ட்டர்காரர் இரண்டு மெஷின்களையும் வாங்கி, முதுகில் இருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் ஸ்பேனர் டீச்சருக்காக அமைத்த மெஷினில் என்ஜின் கேட்டிருக்கிறார். அவருடைய மெஷின் டீச்சரின் நல்ல காதைப் பதம் பார்த்திருக்கிறது. டீச்சர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்ப என் காது?" என்று கேட்டாள்.

மேனேஜர் ஓடிவந்தார். "சின்னக் குழப்பம். மாத்திக்கிட்டாப் போச்சு. புகார் எதுவும் இல்லன்னு மட்டும் ஒரு கையெழுத்து..."

"சின்னக் குழப்பமா?" தையல்காரி போட்ட சத்தத்தில் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். "கையெழுத்து நாங்க போட மாட்டோம், நீங்க போடுங்க. மெஷினை மாத்திக் கொடுத்தது நாங்கதான்னு எழுதுங்க. இவங்களுக்குப் புது மெஷின், காது டாக்டர் செலவு, எல்லாம் உங்களோடது. தண்ணி போச்சாம் தண்ணி!"

மேனேஜர் எழுதினார். எழுதாமல் போயிருந்தால் அவர் கதி அதோகதிதான். ஆனால் அந்தக் காகிதத்தை வாங்கும்போது தையல்காரிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. முந்தின வாரம் ஒர்க்‌ஷாப் முதலாளியைத் தனியாகப் பார்த்து, "அவர் காது முடிஞ்சுபோச்சுங்க. பெரிய நஷ்டம் ஆகறதுக்குள்ள என்ஜின் வேலைல இருந்து எடுத்துடுங்க" என்று சொன்னது அவள்தான். முதலாளி அதுவரை ஸ்பேனரை நம்பிக்கொண்டுதான் இருந்தார். அவர்மேல் நம்பிக்கை விட்டுப்போன முதல் ஆள், கட்டிய பெண்டாட்டி.

சிவப்புப் புள்ளி மெஷினுக்குப் புதுப் பேட்டரி போட்டுப் புருஷன் காதில் மாட்டிவிட்டாள்.

"கேக்குதா?" என்று வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினாள்.

ஸ்பேனர் துள்ளி விலகினார். "ஏய், எதுக்குக் கத்துற? மெதுவாப் பேசு, நல்லாக் கேக்குது." முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அப்ப என் காது புதுசா ஒண்ணும் கெட்டுப்போகல. முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. திடீர்னு வண்டி கழுவற பைப்பைக் கையில கொடுத்துட்டாரு. அவருகிட்ட யாரு, என்ன சொன்னாங்கன்னுதான் தெரியல."

இவ்வளவு நேரம் ஊரையே கூட்டியவளுக்கு இப்போது குரல் வரவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, உதடு பிரிந்தும் பிரியாமலும் முணுமுணுத்தாள்.

"நான்தான் சொன்னேன்."

ஸ்பேனருக்கு அது கேட்டது.